கம்பா, கராத்தேயா, ஜூடோவா? தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதைத் தொடங்கலாம்

மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள் தற்காப்புக் கலை பழக்கலாம் என்று நாலு பேர் கூடினால் முதல் கூட்டத்திலேயே கட்சி பிரிந்துவிடும். சிலம்பம் நம்ம கலை, அதை விட்டுவிட்டு எதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும் என்பார் ஒருவர். கராத்தே என்றால் பாடசாலையில் எடுபடும், பிள்ளைக்குச் சான்றிதழாவது மிஞ்சும் என்பார் இன்னொருவர். டவுனில் ஜூடோ பழகிய தம்பி ஒருவன் இருந்தால் அவன் பங்குக்கு அவனும் ஒன்று சொல்வான். நான் கராத்தே பக்கத்து ஆள். ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காசு வாங்காமல் வகுப்பு எடுக்கிறவர்களோடு நின்றவன். அதனால் நான் எழுதுவதில் அந்தச் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

எந்தக் கலை என்று பார்ப்பதற்கு முன்னால் யாருக்கு என்று பார்த்துவிடுவோம். அம்மா சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டு வேலைக்குப் போய்விட, அம்மாயி வளர்க்கிற பிள்ளை. அப்பா குடித்துவிட்டு வருகிற இரவுகளில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் போய்ப் படுக்கிற பிள்ளை. படிப்பை விட்டுவிட்டு கொழும்பில் கடைக்கு நிற்கப் போகலாமா என்று யோசிக்கிற பையன். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டுக் கிளம்பி சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிற குடும்பத்துப் பிள்ளை. இவர்கள் எல்லோருமே ஒதுங்கி நிற்கிறவர்கள் என்று நினைக்க வேண்டாம், சிலர் எடுத்ததற்கெல்லாம் கை நீட்டுவார்கள். குனிந்த தலையோடு சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையும் பக்கத்தில் இருப்பவனைக் காரணமில்லாமல் தள்ளிவிடுகிற பிள்ளையும் ஒரே வரிசையில்தான் வந்து நிற்கும். நீங்கள் எடுக்கிற கலை இரண்டு பேருக்கும் சரிவர வேண்டும்.

பெற்றோர் கேட்கிற முதல் கேள்வியும் அங்கேதான் வருகிறது: “ஏற்கெனவே அடிச்சிக்கிட்டுத்தான் கெடக்குதுங்க, நீங்க வேற அடிக்கப் பழக்கப் போறீங்களா மாஸ்டர்?” இதைச் சிரித்துச் சமாளிக்கக் கூடாது, கேள்வியில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் மைக்கேல் டிரல்சன் என்ற ஆய்வாளர், சட்டத்தின் பிடியில் சிக்கிய 34 பதின்ம வயதுப் பையன்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்து 1986இல் எழுதினார். முதல் குழுவுக்கு டைக்குவாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையை அதன் மரியாதை, தியானம், தத்துவம் எல்லாவற்றோடும் சேர்த்துப் பழக்கினார்கள். இரண்டாவது குழுவுக்கு வெறும் சண்டை நுட்பம். மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் கூடைப்பந்தும். ஆறு மாதத்தில் முதல் குழுவின் மூர்க்கம் இறங்கியது, தன்மதிப்பு ஏறியது. சண்டை மட்டும் பழகியவர்களின் மூர்க்கம் முன்னிருந்ததைவிடக் கூடிப்போனது. சின்ன ஆய்வுதான். ஆனால் நோர்வேயில் எண்ட்ரெசனும் ஒல்வேயஸும் 2005இல் வெளியிட்டதும் இதோடு ஒத்துப்போகிறது: குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்கல், கிழக்காசியச் சண்டைக் கலைகள் பழகிய பையன்களைத் தொடர்ந்து கவனித்ததில், மைதானத்துக்கு வெளியிலும் அவர்களின் அடாவடி கூடியிருந்தது. ஆகவே தற்காப்புக் கலை என்றாலே பிள்ளை ஒழுங்காகிவிடும் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். எப்படிப் பழக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது இரண்டு பக்கமும் சாயும்.

சரி, சிலம்பத்துக்கு வருவோம், மனசு முதலில் போகிற இடம் அதுதானே. கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் கம்பு சுற்றுவதையும் தீப்பந்தம் சுற்றுவதையும் தோட்டத்துப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே பார்த்திருப்பார்கள், புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செலவில் இதை அடித்துக்கொள்ள வேறொன்றும் கிடையாது. ஓடையோரத்து மூங்கிலை வெட்டி, காயவைத்து, கணுவைச் சீவி, பிள்ளையின் நெற்றி உயரத்துக்கு அறுத்தால் முடிந்தது. உடுப்பு வேண்டாம், பாய் வேண்டாம், பெல்ட் பரீட்சைக் காசு வேண்டாம். அதோடு இது விலகி நின்று பழகுகிற கலை. அடி வாங்கி வாங்கி, யாராவது கிட்டே வந்தாலே சுருங்கிப்போகிற பிள்ளைக்கு, தன்னைச் சுற்றி ஒரு கம்பு தூரத்துக்கு யாரும் வர முடியாது என்பதே பெரிய நிம்மதி. முதலில் கம்பைக் கையில் கொடுக்காமல் காலடி மட்டும் பழக்குகிற வாத்தியார் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

சிலம்ப வகுப்பில் நடக்கிற ஒன்று வேறெங்கும் நடக்காது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் பொறுக்க மாட்டாமல் உள்ளே வந்து பேரனின் விரலைப் பிரித்தார். “பெருவெரல இப்பிடி மடக்கிப் புடிடா, அப்பதான் கம்பு ஒன் கையில நிக்கும்” என்று சொல்லிவிட்டு அவரே வாங்கிச் சுற்றிக் காட்டினார். அரை நிமிடத்தில் மூச்சு வாங்கியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். தாத்தா என்றால் சாயங்காலம் தள்ளாடி வருகிறவர் என்று மட்டும் அறிந்திருந்த அந்தப் பையன், அடுத்த வாரம் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். நான் கராத்தேக்காரன், எங்கள் வகுப்பில் இதற்கு வழியே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் சிலம்பத்தோடு சில தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. முதலாவது இடம். பிள்ளைக்கு ஒரு கம்பு வட்டம் வேண்டும், இருபது பிள்ளைகள் என்றால் மைதானமே வேண்டும். மஸ்கெலியா, நோர்வுட் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் மைதானம் சேறு, ஓரத்தில் அட்டை. பதுளை, பசறைப் பக்கம் என்றால் மழைக் கணக்கு வேறு, வருஷக் கடைசியில்தான் கொட்டும். எப்படிப் பார்த்தாலும் வருஷத்தில் நாலைந்து மாதம் வெளியில் வகுப்பு தடுமாறும், கலாசார மண்டபத்துக்குள் போனால் கம்பு முதலில் டியூப் லைட்டைத்தான் தேடிப் போகும். இரண்டாவது, கண்ணும் பல்லும். முதல் சில மாதங்களுக்கு ஜோடி போட்டு மோத விடக் கூடாது. மூன்றாவது யாரும் கூட்டத்தில் பேசாதது: வகுப்பு முடிந்தால் கம்பு எங்கே போகிறது? லயத்துக்குப் போனால் ஒருநாள் வீட்டுச் சண்டையில் அது யார் கையிலாவது இருக்கும். எண்ணி வாங்கி, கட்டாகக் கட்டி, கோயில் அறையில் பூட்டி வைக்கிற ஏற்பாடு இல்லாமல் சிலம்பம் தொடங்க வேண்டாம்.

இனி கராத்தே. இது பிறந்த கதையிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒக்கினாவாவில் இட்டோசு அங்கோ என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்றே பினான் என்ற ஐந்து கட்டாக்களை (வரிசைப்படி தனியாகச் செய்கிற அசைவுத் தொடர்களை) எளிமையாக அமைத்துக் கொடுத்தார். 1922இல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனாகோஷியும் தொழிலால் பள்ளிக்கூட வாத்தியார்தான். கராத்தேயில் முதல் அடி நம்முடையதல்ல என்பது அவர் வைத்த விதி. ஆகவே கூட்டமாகப் பிள்ளைகளை நிறுத்திப் பழக்குவதற்கு இந்தக் கலை ஏற்கெனவே செதுக்கப்பட்டிருக்கிறது. கை நீட்டுகிற தூரம் இருந்தால் போதும். பின்னேரம் பூட்டிக் கிடக்கும் பிள்ளைக்காம்பராவிலோ (பகலில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பாடசாலை வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டோ நடத்தலாம், வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் பரவாயில்லை. கட்டா தனியாகச் செய்வது, யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை, வீட்டில் இடமில்லாத பிள்ளை ரோட்டோரம் நின்றுகூடச் செய்து பார்க்கலாம். இன்னொரு சின்ன வசதி: எண்ணுவது ஜப்பானியத்தில். டவுனிலிருந்து வருகிற சிங்கள மாஸ்டரிடம் தமிழ்ப் பிள்ளைகள் பழகும்போது, பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் வந்து கலந்து நிற்கும்போது, “இச்சி, நி, சான்” யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் அந்நியமும் இல்லை.

கராத்தேயில் பிள்ளையின் குரல் வெளியே வருகிறது, எனக்கு அது எல்லாவற்றையும்விடப் பெரிது. குத்து விடும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் விடுவோமே, கியாய், அதை விடச் சொன்னால் ஒரு பிள்ளைக்கு வாய் மட்டும் அசையும். பத்து வயது இருக்கும், அம்மா வெளிநாட்டில். மற்றவர்கள் கத்திக் குவிக்கும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட பிள்ளையை முன்னால் அழைத்து “எங்க, நீ மட்டும் கத்து பார்ப்போம்” என்று சொல்கிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள், அதோடு பிள்ளை வகுப்பை விட்டு நின்றுவிடும். இவளுடைய மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, மாதக்கணக்காக. ஒருநாள் தகரக் கூரையில் மழை கொட்டி மாஸ்டரின் குரலே யாருக்கும் கேட்காமல், பிள்ளைகள் அவர் கையைப் பார்த்துத்தான் குத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலுக்குள் அவள் கத்தினாள். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த எண்ணிக்கைக்கு மறுபடி கத்தினாள்.

கராத்தேயின் வில்லங்கம் காசு. பெல்ட் என்பது பிள்ளைக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய முன்னேற்றம், மஞ்சள் பெல்ட் கட்டிய அன்று அது நடக்கிற நடையே வேறு. ஆனால் ஒவ்வொரு பெல்ட்டுக்கும் பரீட்சைக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், சங்கச் சின்னம் வைத்த உடுப்பு என்று ஒரு பில் வரும். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளமே 1,350 ரூபாய்க்குத்தான் வந்தது, அதையும் இந்தக் கட்டணங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு கட்ட முடியாத பிள்ளை வெள்ளைப் பெல்ட்டோடு நிற்க, பழக்கத்தில் அதைவிடக் குறைந்த பிள்ளை மேலே போனால், தன்னம்பிக்கை வளர்க்கப் போன இடத்தில் நேர் எதிரானது நடக்கிறது. ஆகவே எந்த மாஸ்டரோடு பேசும்போதும் முதல் நாளே கட்டணத்தைப் பேசுங்கள்: இலவசமாகவா, பாதியா, யார் கட்டுவது, வராத காசுக்குப் பிள்ளையைப் பின்னால் நிறுத்துவாரா. உடுப்புக்கு ரீசேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போதும். பரீட்சை நாளுக்கு மட்டும் சில ஜோடி உடுப்பைப் பொதுவில் வாங்கி வைத்து மாற்றி மாற்றிப் போடலாம். பிரம்பை வைத்துக்கொண்டு காலில் தட்டித் திருத்துகிற பழைய பாணி மாஸ்டர் என்றால், அவர் கறுப்புப் பெல்ட்டில் எத்தனை டான் (படி) வைத்திருந்தாலும் வேண்டாம். வீட்டில் வாங்குகிற அடி போதும்.

ஜூடோவை நான் உள்ளுக்குள் பொறாமையோடு பார்க்கிறேன். அதை உருவாக்கிய ஜிகோரோ கானோ சின்ன வயதில் மெலிந்த பையன், பள்ளியில் பெரிய பையன்களிடம் மாட்டிக்கொண்டு அவதிப்பட்டவர். அந்தக் காரணத்தால்தான் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையைப் பழகக் கிளம்பினார். 1882இல் டோக்கியோவில் ஒரு பௌத்த கோயிலின் 12 பாய் விரித்த அறையில் தன் பள்ளியைத் தொடங்கினார். கறுப்புப் பெல்ட் வழக்கமும் ஜூடோவிலிருந்து வந்ததுதான், கராத்தே அதைப் பின்னால் எடுத்துக்கொண்டது. ஜூடோவில் முதல் பாடமே விழுவது. பின்னால் சரிந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் பாயில் பளாரென்று அடித்து விழுந்து எழும்பப் பழகிய பிள்ளைக்கு, விழுந்தால் சிரிப்பார்கள் என்ற பயம் போய்விடுகிறது, ஏனென்றால் அங்கே எல்லோரும் நாள் முழுக்க விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் பாய் வேண்டும். சரியான ஜூடோ பாய் இல்லாமல் சீமெந்துத் தரையில் சாக்கும் பழைய மெத்தையும் போட்டு எறிந்து பழக்குவது ஆபத்து, தலையில் பட்டால் விளையாட்டல்ல. அடுத்தது தொடுகை. சட்டையைப் பிடித்து, கட்டிப் புரட்டி, தரையில் அமுக்கிப் பிடிப்பதுதான் ஜூடோ. உடம்பில் வன்முறையை அனுபவித்த பிள்ளைக்கு, அனுபவமுள்ள பெண் பயிற்சியாளர் கையில், அது காலப்போக்கில் நல்லதாகக்கூட அமையலாம். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அதே பிடி பழைய பயத்தைக் கிளறிவிடும். டவுனில் ஒழுங்கான ஜூடோ கழகம் இருந்து, பஸ் காசுக்கு வழி இருந்தால், பெரிய பிள்ளைகளில் விருப்பமானவர்களை அங்கே சேர்த்துவிடுவது நல்லது. தோட்டத்தில் முதல் வகுப்பாக இதைத் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைக்குவாண்டோ பிள்ளைகளுக்குப் பிடிக்கும், உயரத்தில் உதைப்பது பார்க்கவே ஜோர். 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று மாதம் டைக்குவாண்டோ பழகிய பள்ளிப் பிள்ளைகள், சாதாரண உடற்பயிற்சிப் பாடம் செய்தவர்களைவிடத் தங்களைக் கட்டுப்படுத்துவதில் முன்னேறினார்கள். மாஸ்டர் கிடைத்தால் கராத்தேக்குச் சொன்னது பெரும்பாலும் இதற்கும் பொருந்தும், போட்டிக்குப் போகும்போது காப்புக் கவசச் செலவு மட்டும் கூடும். சீனத் தற்காப்புக் கலையான வூசூவும் அப்படியே. குத்துச்சண்டை வேண்டாம், தலைக்கு அடி விழுகிற எதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அங்கம்பொர இந்த மண்ணின் பழைய கலை, 1818 ஊவாக் கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரர் தடுத்ததாகச் சொல்வார்கள், மரியாதைக்குரியது. ஆனால் தோட்டத்துக்கு வந்து பிள்ளைகளுக்குப் பழக்க ஆள் தேடுவது லேசான காரியமல்ல.

இனி தொண்டர்களின் பக்கம். கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்து ஒரு வாரம் முகாம் போடுவது, உள்ளூரில் வாராவாரம் நின்று நடத்துவது, உள்ளூர் மாஸ்டருக்குப் போக்குவரத்துக் காசும் ஒரு சின்னக் கொடுப்பனவும் கொடுத்து நடத்துவிப்பது என்று மூன்று வழி இருக்கிறது. முகாம் முடிகிற அன்று பிள்ளைகள் அழும், தொண்டர்களும் அழுவார்கள், படம் எடுப்பார்கள். ஏற்கெனவே விட்டுப்போன மனிதர்களை எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளையின் கணக்கில் இன்னும் ஒருவர் சேர்ந்ததுதான் மிச்சம். வெளியிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளை நேரடியாகப் பழக்குவதைவிட, பழக்கப்போகிற உள்ளூர் இளைஞர்களுக்கு முதலுதவியும் சிறுவர் பாதுகாப்பும் பயிற்றும் முறையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் அந்த வாரத்துக்குப் பலன் உண்டு. வாராவாரம் நிற்கிற தொண்டருக்கு ஆர்வம் ஆறேழு மாதத்தில் வடியும், வேலை மாறும், கலியாணம் ஆகும், அது இயற்கை. என் தெரிவு மூன்றாவது வழி: காசு கொஞ்சம் கொடுத்து உள்ளூர் ஆளை நிறுத்துங்கள், தொண்டர்கள் பின்னால் நின்று வரவு எடுங்கள், தண்ணீர் கொண்டுவாருங்கள், வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய் விசாரியுங்கள். பிள்ளையை நிலைக்க வைப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி வேலைதான், அதற்குக் கறுப்புப் பெல்ட் தேவையில்லை.

எந்த வழியென்றாலும் சில விஷயங்களில் பேரமில்லை. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது. வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். தொட்டுத் திருத்துவதற்கு முன் பிள்ளையிடம் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்தான். உண்மையில் பெரியவரிடம் வேண்டாம் என்று சொல்லி அது மதிக்கப்படுவதை முதல்முறையாகச் சில பிள்ளைகள் அங்கேதான் பார்க்கிறார்கள். படம் எடுத்து முகநூலில் போட்டு “ஆதரவற்ற சிறார்கள்” என்று எழுதாதீர்கள், அந்தப் பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களும் முகநூல் பார்க்கிறார்கள். பழகப் பழகப் பிள்ளை உங்களிடம் வீட்டில் நடப்பதைச் சொல்லும். சொன்னால் நீங்கள் விசாரணை செய்யக் கிளம்ப வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்ய வேண்டாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. அந்த இலக்கத்தை வகுப்பறைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

என்னைக் கேட்டால், பெரும்பாலான தோட்டங்களுக்குக் கட்டாவை மையமாக வைத்த கராத்தேதான் அடித்தளம். மழை பெய்தாலும் வகுப்பு நின்றுபோகாது, பெண் பிள்ளைகளை அனுப்ப வீட்டார் தயங்குவது குறைவு, அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகள் வரை போக ஒரு வழி திறந்திருக்கிறது. ஜோடிச் சண்டையை முதல் வருஷம் தொடவே வேண்டாம். தோட்டத்தில் கம்பு தெரிந்த தாத்தா ஒருவர் இருந்தால், ஜனவரி தொடங்கி மழை வரும்வரை மைதானத்தில் சிலம்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரை வாத்தியார் என்றே அழைக்கச் சொல்லுங்கள். நல்ல சிலம்ப ஆசான் வாராவாரம் வரத் தயார், ஆனால் கராத்தே மாஸ்டர் யாரும் கிடைக்கவில்லை என்றால் சிலம்பத்தோடேயே தொடங்குங்கள், மழைக் காலத்துக்குக் காலடியை மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். பெண் பயிற்சியாளர் ஒருவர் எந்தக் கலையில் கிடைத்தாலும் நான் மேலே எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் பழக்குகிற கலையை எடுங்கள்.

நேரம் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, அப்புறம் டியூஷன், அதோடு மோத வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் வைக்கலாம், ஆனால் கொழுந்து நிறுத்து முடிந்து அம்மாமார் வருவதற்கு முன்னால் தண்ணீர் தூக்க, தம்பி தங்கச்சியைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் இருக்கும். அந்தத் தம்பி தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி ஓரத்தில் ஒரு பாய் போட்டுவிடுங்கள். சம்பளத்தை ஒட்டி வருகிற சனிக்கிழமை குடும்பத்தோடு டவுனுக்குப் போய்விடுவார்கள், அன்றைக்கு வரவு குறைந்தால் மனம் தளராமல், வந்த பிள்ளைகளோடு வகுப்பை நடத்துங்கள்.